குடியை விடு மச்சி... உன்னை விடாதே!

போன செமஸ்டர் லேப் எக்ஸாம். பக்கத்து டேபிளில் என் ஹாஸ்டல் ரூம்மேட். மல்டிமீட்டரைப் பிடித்திருந்த கை தந்தி அடித்துக்கொண்டிருந்தது. "டென்ஷன் மச்சி" என்றான். டென்ஷனாவது, கின்ஷனாவது! காலையில் 'ஊத்திக்க' நேரம் கிடைக்கலை, அவ்வளவுதான் மேட்டர்.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில், தண்ணித் தொட்டி ஓரமா உட்கார வெச்சு, "ஏன்டா இப்படிப் பண்றே?"ன்னு கேட்டேன். லவ் ஃபெய்லியர், அரியர்னு ஏதாவது சொல்வான்னு பார்த்தா, "எனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்டா. பத்தாவது படிக்கும்போதே தெரியும். குடிச்சாதான் அதை மறந்துட்டுத் தூங்க முடியுது"ன்னான். என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை எனக்கு. "சாப்ட்டியா?"ன்னு கேட்டேன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதறேன் மக்களே. பேரும் ஊரும் மட்டும் கேட்காதீங்க!)

ரெண்டு பேருமா அலைஞ்சு ஒரு கவுன்சலரைப் பிடிச்சோம். நான் வெளியே பெஞ்சில். அவன் உள்ளே முக்கால் மணி நேரம். எல்லாத்தையும் கொட்டியிருக்கான். கேட்டுட்டு அவர் சொன்னது: "குடியை அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. முதல்ல 'அதை' மாத்திடலாம்." ஃபீஸ் 800 ரூபாய். வெளியே வந்தவன் ஒரு வார்த்தை பேசலை. நேரா போய் நின்ன இடம் டாஸ்மாக்.

யோசிச்சுப் பார்த்தேன். அவன் குடிக்கிறதே தன்னை நினைச்சுக் கூனிக் குறுகித்தான். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில், இன்னும் ரெண்டு மூட்டையை ஏத்தி அனுப்பினா பாவம், அவன் எங்கே போவான்?

இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து தூக்கினது 1990-ல். நாங்க ரெண்டு பேரும் அப்போ பிறக்கவே இல்லை! மதுரையில் இருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி 'மாத்தற' சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். இதில் எனக்குப் பிடிச்ச சங்கதி வேற. இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதலைன்னு ஒப்புக்கிட்டு, தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி அந்த நீதிபதியே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் உட்கார்ந்தார். ஐகோர்ட் ஜட்ஜே போறப்ப, நமக்கு என்ன பாஸ் கௌரவம்? 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும், ஒரு டாக்டர் இப்படி மாத்த முயற்சி பண்றது தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு.

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டாவது ரவுண்டில் நாங்க கத்துக்கிட்டது இது.

முதல்ல உடம்பு. தினமும் நிறையக் குடிச்சுப் பழகினவங்க, 'இன்னியோட நிறுத்திட்டேன்'னு வீராப்பா திடீர்னு நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. காசு ஒரு பிரச்னையே இல்லை. மருந்து, மாத்திரை எழுதறது அவர் வேலை.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசற வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பண்ணியிருக்கணும். பதிவு எண்ணைத் தைரியமா கேளுங்க. அப்பாயின்ட்மென்ட் வாங்கறப்பவே போனில் மூணு கேள்வி. குடிப் பழக்கத்துக்கு வர்றவங்களைப் பார்த்த அனுபவம் உண்டா? தன்பாலீர்ப்பு உள்ளவங்க, திருநங்கை, திருநம்பிகளை எப்படிப் பார்க்கறீங்க? நான் சொல்றதை வீட்டுக்குச் சொல்வீங்களா?

மூணாவது கேள்விதான் என் ரூம்மேட்டுக்குப் பெரிய பயம். ஆனா, 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சமயங்கள் தவிர, உங்க ரகசியத்தைக் காப்பாத்தச் சொல்லுது. யாரை விரும்பறீங்கன்னு பார்த்து சிகிச்சையில் பாரபட்சம் காட்டக் கூடாதுன்னும் சொல்லுது.

ரெண்டாவது கேள்விக்கு, 'மாத்திடலாம்', 'கல்யாணமானா சரியாயிடும்' மாதிரி பதில் வந்தா, நன்றி சொல்லி போனை வெச்சிடுங்க. நாங்க நாலு பேர்கிட்ட கேட்டோம். நாலாவது மேடம் சொன்னாங்க: "அதுல சரி பண்ண ஒண்ணும் இல்லப்பா. குடியைப் பத்திப் பேசலாம், வா."

யார்கிட்ட ஆரம்பிக்கறதுன்னே தெரியலையா? 14416-க்கு போன் போடுங்க. டெலி மானஸ், 24 மணி நேரமும், இலவசமா, தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்குன்னே தனியா 14446 இருக்கு.

ரெண்டு மாசம் தொடவே இல்லை நம்மாளு. அப்புறம் காலேஜ் கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு ராத்திரி மறுபடி குடிச்சான். 'எல்லாம் போச்சு'ன்னு அழுதான். மேடம் திட்டவே இல்லை. "அன்னிக்கு என்ன நடந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டிருக்காங்க.

என்ன நடந்ததுன்னு எனக்கும் தெரியும். ஸ்டேஜில் ஒரு ஸ்கிட். ஒருத்தன் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்தான். இன்னொருத்தன் அவனை 'அவனா நீ' ரேஞ்சுக்குக் கலாய்ச்சான். ஆடிட்டோரியமே கைதட்டிச் சிரிச்சது. மாட்டிக்கக் கூடாதேன்னு என் ரூம்மேட்டும் சிரிச்சான். பக்கத்து ஸீட்டில், எல்லாம் தெரிஞ்ச நானும் சிரிச்சேன்.

அவன் அன்னிக்குக் குடிச்ச குவார்ட்டருக்கு நானும்தான் பங்கு போட்டிருக்கேன். அடுத்த நாள் அவன்கிட்ட ஸாரி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சாப்ட்டியா?"ன்னான்.

இந்த வாரமும் செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட். நான் வெளியே பெஞ்சில்தான் இருப்பேன்.