படம் காட்டினால் போதுமா?

"சும்மா படம் காட்டுறான்" என்று நம் ஊரில் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் திரைப்பட விழா என்ற பெயரில் நடப்பவற்றில் பல இந்த ரகம்தான். பேனர், குத்துவிளக்கு, மூன்று பேச்சாளர்கள், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு படம், மறுநாள் பேப்பரில் போட்டோ. முடிந்தது கதை.

அதற்காக விழாவே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். அவர்களோடுதான் முதல் சண்டையே. "டிவி, செல்போன்னு நாள் முழுக்கப் படம்தானே பாக்குதுங்க, விழா வேற எதுக்கு?" என்பார்கள். ஐயா, நம் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் பெரியவர்களுக்காக எடுத்த படம். குழந்தையை மனதில் வைத்து எடுத்த படம் தியேட்டருக்கு வருவதே அபூர்வம். 2015-ல் 'காக்கா முட்டை' வந்தது, இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். கடையில் கிடைக்காததைக் கொடுக்கத்தான் ரேஷன் கடை. குழந்தைகள் பட விழாவும் அப்படித்தான்.

1955-ல் அரசு குழந்தைகள் திரைப்படச் சங்கம் தொடங்கியதே இதற்குத்தான். அது நடத்திய சர்வதேச விழா 1979-ல் ஆரம்பித்து, பிற்பாடு நான் பிழைக்க வந்திருக்கும் இந்த ஹைதராபாத்திலேயே நிலைகொண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, நவம்பரில். பரிசின் பெயர் தங்க யானை. 2017-ல் 20-வது விழா நடந்தது. அதோடு சரி, யானையை இந்தப் பக்கம் காணோம். 2022-ல் அந்தச் சங்கமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இணைப்பு என்றால் என்ன என்று வங்கிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போர்டு மாறும், லெட்டர்பேட் மாறும். சின்னக் கிளையைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. ஏற்கெனவே நின்றுபோன விழாவை இனி யார் கேட்பது? ஓட்டில்லாத வாடிக்கையாளர்கள் அல்லவா குழந்தைகள்!

அடுத்த சண்டை, விழா நடத்துபவர்களோடு. எல்லாக் குழந்தைகளையும் உள்ளே சேர்க்கிறோம் என்கிறார்கள். எங்கள் வங்கியிலும் இந்தப் பேச்சு உண்டு. 2014-ல் ஜன் தன் திட்டம் வந்தபோது முகாம் போட்டு ஜீரோ பேலன்ஸ் கணக்குகளைத் திறந்தோம். எண்ணிக்கை மேலிடத்துக்குப் போனது. ஆனால் கணக்கு திறந்த அன்றே ஒரு மனிதர் வங்கிக்குள் வந்துவிட்டார் என்று ஆகாது. பணம் போட்டு, எடுத்து, "ஏன் சார் இவ்வளவு பிடிச்சிருக்கீங்க?" என்று பாஸ்புக்கை நீட்டிக் கேட்கிறாரே, அன்றுதான் வந்திருக்கிறார். அரசுப் பள்ளியிலிருந்து ரெண்டு பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி வந்து உட்கார வைப்பது கணக்கு திறப்பதோடு சரி.

சில வருஷம் முன்பு இங்கே ஓர் அமைப்பு நடத்திய விழாவுக்குப் போனேன். மஜித் மஜிதியின் ஈரானியப் படம், 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை. அங்கே வந்திருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எது? ஆனால் பேச்சு பாரசீகம், கீழே ஓடுவது ஆங்கிலம். தெலுங்கு மீடியம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? கான்வென்ட் பிள்ளைகள் சிரித்தபோதெல்லாம் இவர்கள் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். ஒரே அரங்கு, ஒரே படம், ரெண்டு ஜாதி. மைக்கைப் பிடித்து இடையிடையே தெலுங்கில் கதை சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். மேடையில் போட்ட சால்வைச் செலவைவிடக் குறைவு.

பார்வையில்லாத, காது கேளாத பிள்ளைகள் கதை இன்னும் மோசம். காட்சியைச் சொல்லும் ஒலிவிவரணை, சைகை மொழி எல்லாம் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. சினிமா தியேட்டர்களுக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2024-ல் தனியாகவே வெளியிட்டது. இதில் குழந்தைகள் விழா முதல் ஆளாக நிற்க வேண்டாமா?

செய்யவே முடியாத காரியமா இது? தமிழ்நாட்டு அரசு 2022-ல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு படம் என்று சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியது. முதல் படம் சாப்ளினின் 'தி கிட்', 1921-ல் வந்த பேசாப்படம். படம் பிள்ளைகளைத் தேடிப் போகிறது, பஸ் தேவையில்லை. படம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேச வைப்பதும் எழுத வைப்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. நான் கேட்கிற பாஸ்புக் கேள்வி அதுதான். நடைமுறையில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் இருக்கலாம், ஆனால் யோசனை சரியான யோசனை.

கடைசிச் சண்டை நம்மவர்களோடு. பொங்கல் விழாவுக்கு நட்சத்திரப் படம் போடுகிறோமே, வருஷத்தில் ஒரு ஞாயிறு குழந்தைகளுக்கென்று படம் போட்டு அதைப் பற்றிப் பேச வைக்கலாமே என்று இங்குள்ள தமிழர் கூட்டம் ஒன்றில் சொன்னேன். "அதுக்கு யார் சார் வருவாங்க?" என்றார் ஒருவர். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பிள்ளைகளையும் கூப்பிடுவோம் என்றேன். "மெம்பர்ஸ் சங்கடப்படுவாங்க" என்றார் இன்னொருவர்.

சங்கடமா? இந்த ஊரில் நம்மை "அரவவாடு" என்று ஒதுக்கினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! நாலு மாடிக்குக் கீழே இருக்கிற குழந்தையை நாம் ஒதுக்கினால் அது சங்கடமாம். இன்னொன்றும் யோசியுங்கள். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, காதில் விழுந்தால் புரியும். அவர்களை மொழிக்குள் கூட்டிக்கொண்டு போக ஒரு நல்ல தமிழ்ப் படமும் அரைமணி நேரப் பேச்சும் செய்வதை எந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் செய்யாது.

ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, மொட்டை மாடி. 1956-ல் வந்த 'தி ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படத்தில் தொடங்குங்கள். அரைமணிக்குச் சற்று அதிகம், வசனம் ஏறக்குறைய கிடையாது. வாட்ச்மேன் பிள்ளையும் மேனேஜர் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரிக்கும். நவம்பர் 14 வருகிறது. அதற்குள் யானை வராது, நாமாவது ஒரு பலூன் விடலாம்.