பால் சங்க அட்டை யார் பெயரில் இருக்க வேண்டும்?

கறவை மாடு உள்ள வீட்டில் காலை 4 மணிக்கே விளக்கு எரிகிறது. சாணம் அள்ளித் தொழுவத்தைக் கூட்டுவது, தவிடும் பிண்ணாக்கும் கலந்து வைப்பது, மடியைக் கழுவிப் பால் கறப்பது, பாலைச் சங்கத்துக்கு அனுப்புவது என்று வேலை அடுத்தடுத்து வருகிறது. பிறகு வீட்டுச் சமையல். வெயில் ஏறும்போது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புல் அறுப்பு. மதியம் தண்ணீர் காட்டுதல். 3 மணிக்கு மறுபடியும் கறவை. இரவு வைக்கோல் உதறிப் போட்டு, கட்டுத்தறியை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கை.

ஈரோடு, சேலம், நாமக்கல் பகுதிகளில் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர் வீட்டுப் பெண்மணியே. ஆனால் பால் சங்கத்தில் உறுப்பினர் யார், பணம் வரும் வங்கிக் கணக்கு யாருடையது, பயிற்சி வகுப்புக்குப் போகிறவர் யார் என்று கேட்டால், பல வீடுகளில் குடும்பத் தலைவரின் பெயரே பதிலாக வருகிறது. இதை வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாட்டின் லாப நட்டம் இதில் அடங்கியிருக்கிறது.

தவறும் பருவம், தள்ளிப்போகும் கன்று

பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. அந்தப் பருவம் நீடிப்பது ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம். அதிலும் பல மாடுகள் இரவிலும் விடியற்காலையிலுமே அறிகுறி காட்டுகின்றன. அடிக்கடி கத்துதல், தீனியில் நாட்டம் குறைதல், பால் சற்றுக் குறைதல், அறையில் கண்ணாடி போன்ற வழுவழுப்பான திரவம் வடிதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எருமையில் இவை வெளியே தெரிவது இன்னும் குறைவு. உற்றுக் கவனித்தால்தான் பிடிபடும்.

விடியற்காலையில் சாணம் அள்ளப் போகும் பெண்மணியின் கண்ணில்தான் இது முதலில் படுகிறது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். ஆனால் ஊசி போடுபவரின் தொலைபேசி எண் கணவரிடம் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். இரவு அவர் திரும்பிய பிறகு பேச்சு எழுகிறது. அதற்குள் பருவம் கடந்துவிடுகிறது.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் போகிறது. மூன்று பருவம் தவறினால் 63 நாள். அந்த இரண்டு மாதமும் தீவனம் உள்ளே போகிறது. அடுத்த கன்றும் அடுத்த கறவையும் தள்ளிப்போகின்றன. தீவன விலையைக் குறை கூறும் பல வீடுகளில் இந்த நட்டம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மடியைத் தொடுபவருக்கே பயிற்சி

மடிநோயும் இப்படித்தான். முதல் இரண்டு பீய்ச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரி திரியாக வருவது தெரிந்துவிடும். கறந்த பிறகு காம்புத் துவாரம் மூடிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை மாடு படுக்காமல் நிற்க, கறந்தவுடன் பசுந்தீவனம் போட வேண்டும். நோய் தொடங்கும் நிலையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர் கலந்து மடியில் பலமுறை பூசும் மூலிகை முறையும் சொல்லித்தரப்படுகிறது. காய்ச்சலோ கடும் வீக்கமோ இருந்தால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இவையெல்லாம் பயிற்சி வகுப்பில் கூறப்படுபவை. கேட்டு வருகிறவரோ மடியைத் தொடாதவர். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாள் 2½ லிட்டர் தேவை என்று அவருக்குத் தெரியும். நள்ளிரவில் கன்றைத் துடைத்து நிறுத்துகிறவருக்கு அது வந்து சேர்வதில்லை.

கேட்கப்படும் மறுப்புகள்

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று சிலர் கூறுகின்றனர். சுவர் நாட்காட்டி போதும். பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி, கறவை நிறுத்திய தேதி ஆகிய நான்கையும் வட்டமிட்டு வைத்தால் அதுவே மாட்டின் வரலாறு. பள்ளி செல்லும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

"வகுப்புக்குப் போக அவருக்கு நேரம் ஏது?" என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான கேள்வி. புல் அறுக்கும் நேரத்தில் வெளியூரில் வகுப்பு வைத்தால் பெண்கள் வர முடியாது. கறவைக்கும் சமையலுக்கும் இடைப்பட்ட ஓய்வு நேரத்தில், கிராமத்திலேயே, தொழுவத்திலேயே நடத்த வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய குறை இது.

பெயரை மாற்றிவிட்டு வேலையைக் குறைக்காமல் விட்டால் சுமைதான் கூடும். நீர் வசதியுள்ள 10 சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டு நன்கு பராமரித்தால், முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில் கிடைக்கும். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். இரண்டு மாடுகளின் பசுந்தீவனத் தேவையில் பெரும்பகுதி இதில் கிடைத்துவிடும். வரப்பு வரப்பாக அலையும் நேரம் மிச்சமாகும். நடவையும் நீர்ப்பாய்ச்சலையும் ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெண்களே உறுப்பினராகவும் நிர்வாகிகளாகவும் உள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழகத்தில் இயங்குகின்றன. எனவே இது நடக்காத காரியமல்ல. கலப்புச் சங்கங்களிலும் மாட்டைப் பராமரிப்பவர் பெயரில் உறுப்பினர் அட்டை, அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவர் கையில் ஊசி போடுபவரின் தொலைபேசி எண் என்ற மூன்றும் வந்துவிட வேண்டும்.

புதிதாக இன்னொரு மாடு வாங்கக் கடன் தேடும் குடும்பம், அதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பார்க்கட்டும். இருக்கும் மாடு காலத்தில் சினை பிடித்துக் காலத்தில் கன்று ஈன்றாலே, வாங்க நினைத்த மாட்டின் பாலில் ஒரு பங்கு கடனில்லாமல் வீடு வந்து சேரும்.