தீவனக் காசு கொழுப்பாகப் போகிறதா?

எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை அதிகம் வாங்கத் தொடங்கியதிலிருந்து, தீவன விலை கோழிப் பண்ணையாளர்களுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. நாட்டுக்கோழிக்கோ முட்டைக்கோழிக்கோ சொந்தமாகத் தீவனம் கலப்பவர் நீங்கள் என்றால், சோயா புண்ணாக்கைக் குறைத்து, குருணையைக் கூட்டிச் சமாளிக்க நினைக்கலாம். அதற்கு முன், கோழி உடலில் இன்சுலின் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். மனித இன்சுலினுக்கும் கோழி இன்சுலினுக்கும் 7 இடங்களில் மட்டுமே வித்தியாசம். வான்கோழிக்கும் கோழிக்கும் ஒரே இன்சுலின்தான். வாத்தின் இன்சுலின் வேறு. செல்களின் மேலுள்ள இன்சுலின் ஏற்பிகளில் கோழி இன்சுலின் பன்றி இன்சுலினைவிட வலுவாக ஒட்டும். வாத்து இன்சுலின் அதைவிடத் தளர்வாக ஒட்டும்.

இவ்வளவு வலுவான இன்சுலின் இருந்தும், கோழியின் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 200 முதல் 250 மி.கி. சர்க்கரை இருக்கிறது. மனிதருக்கு அது நீரிழிவு, கோழிக்கு இயல்பு. ஏனெனில், பாலூட்டிகளில் இன்சுலின் உத்தரவுப்படி சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுசெல்லும் 'குளுட்-4' என்ற புரதம் கோழிக்கு இல்லை. எனவே விரிவாக்கப் பணியாளர்கள் மனித அளவை வைத்துக் கோழிக்கு நோய் என்று முடிவு செய்யக் கூடாது.

மிஞ்சும் மாவுச்சத்து எங்கே போகிறது? பறவைகளில் கொழுப்பு உற்பத்தி பெரும்பாலும் ஈரலில்தான் நடக்கிறது. எரிசக்திக்கு ஏற்ற அளவு புரதம் இல்லாவிட்டால், தின்ற குருணை கறியாகாமல் வயிற்றுக் கொழுப்பாகச் சேரும். அதை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. கூண்டில் வளரும் முட்டைக்கோழிக்கு ஆபத்து இன்னும் அதிகம். கொழுப்பேறிய ஈரல் வெடித்து, உள்ளே ரத்தம் கசிந்து, நன்றாக முட்டையிட்ட கோழியே திடீரென இறக்கும். வெயில் காலத்தில் இது கூடுதலாகத் தெரியும்.

ஆகவே மக்காச்சோளத்துக்கு மாற்றாகக் குருணை சேர்க்கலாம். ஆனால் புரதத்தைக் குறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை சில கோழிகளை எடை போடுங்கள். இறந்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். ஈரல் மஞ்சளாக, தொட்டால் உதிர்வதாக இருந்தால், முதலில் தீவனக் கலவையைத் திருத்துங்கள். கோழிக்கான கலவையை அப்படியே வாத்துக்கும் போடாதீர்கள். இரண்டும் பறவைதான், உடம்பு வேறு.