கீழ்வரம்பு இல்லாத தண்ணீர்

சென்னையை அடுத்த நெம்மேலியின் இரண்டாவது கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டருக்கான வேலையும் நடக்கிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் குளம் பராமரிப்பவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தண்ணீரைக் கொய் மீன் குளத்தில் விடலாமா, கூடாதா?

விடலாம். கே.எச்., அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் கார்பனேட் காரத்தன்மை, பார்க்காமல் மட்டும் விடக்கூடாது.

பி.எச். 7.8 காட்டுகிறதே என்பது பதிலாகாது. அது நிரப்பிய நாளின் கணக்கு. ஆலையில் உப்பு நீக்கும் சவ்வைத் தாண்டி வரும் நீரில், காரத்தன்மை தரும் பைகார்பனேட் அநேகமாக இருக்காது. சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் சேர்த்துத்தான் அதைத் திரும்ப ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது ஆலையின் கையில் இருக்கிறது.

10,000 லிட்டர் குளம், தினம் 100 கிராம் தீவனம், புரதம் 32 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளியாகும். ஒரு கிராமை நைட்ரேட்டாக்க ஃபில்டர் பாக்டீரியா 7 கிராம் காரத்தன்மையைத் தின்னும். ஆக, தினம் லிட்டருக்கு 2 மி.கி. குறைகிறது. 250 மி.கி. உள்ள போர் தண்ணீர் நான்கு மாதம் தாக்குப்பிடிக்கும். 40 மி.கி.யில் தொடங்கினால், தண்ணீர் மாற்றாத குளத்தில் மூன்றாவது வாரம் முடிவதற்குள் கே.எச். தீர்ந்து பி.எச். சரியும், ஃபில்டரும் படுத்துவிடும். அதே குளத்தில் பாசி அடர்ந்திருந்தால், சரிவதற்கு முன்பே மாலையில் பி.எச். 9-ஐத் தொடும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8-இல் மொத்த அம்மோனியாவில் 7.5 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். 9-இல் அது 45 சதவீதம்.

கடைகளில் விற்கும் 'பி.எச். குறைப்பான்' பாட்டில்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் அமிலம்தான். ஊற்றியதும் இறங்கும் பி.எச்., கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் மறுபடி ஏறிவிடும். மேலும் ஊற்றுவார்கள். ஒவ்வொரு மூடிக்கும் கே.எச். கரைகிறது. இந்தப் பாட்டில்களை இந்த இதழ் பரிந்துரைக்காது.

நமக்கு உள்ள பெரிய குறை தண்ணீர் மீதானது அல்ல, தர நிர்ணயத்தின் மீதானது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500:2012-ஐப் புரட்டிப் பாருங்கள். காரத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை. கடினத்தன்மைக்கும் அதே எண்கள். இரண்டுக்கும் மேல்வரம்பு இருக்கிறது. கீழ்வரம்பு என்ற பேச்சே இல்லை. கிணறும் போரும் மட்டும் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. கடலைக் குடிநீராக்கத் தொடங்கிய பிறகும் அதே அட்டவணையை வைத்துக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது? இஸ்ரேலில் அஷ்கெலோன் ஆலை 2005-இல் ஓடத் தொடங்கியது. அந்த நீரில் மெக்னீசியம் இல்லாமல் பயிர் வாடியதைக் கண்டதும் நிபுணர்கள் உட்கார்ந்து கீழ்வரம்பு வகுத்தார்கள்: காரத்தன்மை 80-க்குக் குறையக்கூடாது, கால்சியம் 80 முதல் 120 வரை, இரண்டும் கால்சியம் கார்பனேட் கணக்கில். நம்மூரில் காரத்தன்மை எவ்வளவு என்று கேட்டால், "தண்ணீர் குடிக்க உகந்தது" என்று ஒரு வரி பதில் வருகிறது. நாம் கேட்டது அதுவல்ல. குழாயில் வரும் ஏரித் தண்ணீர் எந்த நாளில் சுத்திகரித்த கடல்நீராக மாறுகிறது என்று தெருக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல என்ன செலவு? மீன் செத்து மிதந்த பிறகு குளம் கட்டியவரைத்தான் வீட்டுக்காரர் பிடிக்கிறார். அட்டவணை எழுதியவர்களை யாரும் தேடிப் போவதில்லை.

கீழ்வரம்பு வேண்டும். ஆலையிலிருந்து வெளியேறும் நீரின் காரத்தன்மையைப் பகுதிவாரியாக, தினசரி வெளியிட வேண்டும். வாசகர்கள் ஒவ்வொருவரும் இதை எழுத்தில் கேளுங்கள்; தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அதுவரை, குழாய் நீரின் கே.எச். 80-க்குக் கீழே இருந்தால் போர் தண்ணீர் கலந்து விடுங்கள். போர் உப்பாக இருக்கும் கடலோரத் தெருக்களில் சமையல் சோடா போதும்: ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கே.எச். 18 மி.கி. ஏறும். வாளியில் கரைத்து, ஒரு நாளைக்கு அந்த அளவுக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள்.