அறுநூறு வாட் என்னும் மூடநம்பிக்கை

வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வாங்கும் ஃபிளாஷ் 600 வாட்டுக்குக் குறையக் கூடாது என்ற நம்பிக்கை திருமணப் புகைப்படத் தொழிலில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கேமரா கடைகளில் தொடங்கிய இந்தப் போதனை பயிற்சிப் பட்டறைகளுக்கும் பரவிவிட்டது. 600 பழசு, இனி 1200தான் என்ற பேச்சும் இப்போது எழுந்திருக்கிறது. முதல் கேமராவுக்கே தவணை கட்டி முடிக்காத இளைஞரிடம் இப்படிச் சொல்வது பொறுப்பற்ற செயல். இயற்பியலும் இதற்குத் துணை நிற்கவில்லை.

விளக்கின் மீது அச்சிடப்படும் எண், மின்தேக்கி ஒரு முறை வெளியேற்றும் ஆற்றலைக் குறிக்கிறது. அதற்குரிய அலகு ஜூல். மணப்பெண்ணின் முகத்தில் எவ்வளவு ஒளி விழும் என்பதைத் தீர்மானிப்பதில் தூரத்துக்குத்தான் பெரிய பங்கு. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். எனவே 2 மீட்டரில் நிற்கும் 200 ஜூல் விளக்கு, 4 மீட்டரில் நிற்கும் 800 ஜூல் விளக்குக்குச் சமம். போற்றிப் பாடப்படும் 600 அங்கே தோற்றுப்போகிறது. 600இலிருந்து 1200க்குத் தாவினால் கூடுவது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது ஒளியின் ஒரே ஓர் இரட்டிப்பு. ஸ்டாண்டை 2.8 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தினாலும் அதே ஒரு ஸ்டாப் கிடைக்கும், செலவில்லாமல்.

ஒளியின் மென்மையும் தூரத்தைப் பொறுத்ததே. 2 மீட்டரில் வைத்த 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் 4 மீட்டரில் வைத்த 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் முகத்துக்கு ஒரே அளவாகத் தெரிபவை. நிழலின் விளிம்பும் ஏறக்குறைய ஒன்றே. கிட்டே வைத்தால் விளக்கு படத்துக்குள் வந்துவிடும் என்ற முணுமுணுப்புக்கு விடை எளிது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, விளக்கோடு ஒரு படமும் விளக்கை எடுத்துவிட்டு ஒரு படமும் எடுத்து இணைத்தால் போதும்.

வெயிலை வெல்வதற்கு எவ்வளவு வேண்டும் என்பதும் கணக்கில் அடங்கும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/250 என்றால் அப்பர்ச்சர் ஏறக்குறைய எஃப் 11. கோடாக்ஸ் ஏடி200 போன்ற 200 ஜூல் விளக்கு, சிறிய சாஃப்ட்பாக்ஸ் விழுங்கும் ஒளி போக, 2 மீட்டரில் அந்த எஃப் 11ஐ எட்டிவிடும். மணமக்களை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் அவ்வளவுகூடத் தேவையில்லை. முகத்தில் வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவாக ஃபிளாஷ் விழுந்தாலே படம் இயல்பாக இருக்கும்; அதற்கு 100 ஜூல் போதும். மீண்டும் அதே 2 மீட்டர், அதே சிறிய விளக்கு.

பெரிய விளக்கை வாங்கியவர்களில் பலர் அதன் வலிமையை ஹை ஸ்பீடு சிங்கில் கரைத்துவிடுகிறார்கள். பின்புலம் மங்க வேண்டும் என்று எஃப் 2க்குப் போய், ஷட்டரை 1/8000க்கு ஏற்றுகிறார்கள். இந்த முறையில் ஷட்டர் பிளவு நகரும் நேரம் முழுவதும் ஃபிளாஷ் துடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் ஒளியின் பெரும்பகுதி ஷட்டர் திரையில் மோதி வீணாகிறது. ஐந்து ஸ்டாப் என்.டி. ஃபில்டரை லென்ஸில் மாட்டி 1/250இலேயே எடுத்தால் அதே எஃப் 2 கிடைக்கும், ஒளியும் வீணாகாது. லீஃப் ஷட்டர் உள்ள கேமராவில் வழி இன்னும் நேரானது. 2011இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100, 1/1000இலும் ஃபிளாஷோடு இயங்கும். 1/250இலிருந்து அங்கே போனால் வெயில் இரண்டு ஸ்டாப் இறங்குகிறது, ஃபிளாஷ் அவ்வளவு இறங்குவதில்லை. சிறிய விளக்கின் வலிமை கூடியதற்கு ஒப்பு இது.

எண்ணை வைத்து ஏமாற்றும் பழக்கம் இதோடு நிற்கவில்லை. 200 வாட் எல்.இ.டி. விளக்கை 200 ஜூல் ஃபிளாஷுக்கு மாற்று என்று விற்பது பெரிய அநியாயம். 1/250 வினாடியில் அந்த எல்.இ.டி. செலவிடும் ஆற்றல் 0.8 ஜூல், ஃபிளாஷோ அதற்குள் ஏறக்குறைய முழு 200ஐயும் கொட்டிவிடுகிறது. கையடக்க ஃபிளாஷ்களின் கைடு நம்பரும் இதே ரகம். 2004இல் வந்த கேனன் 580இஎக்ஸின் எண் 58, 2012இல் வந்த 600இஎக்ஸ்-ஆர்டியின் எண் 60. முந்தையது 105 மி.மீ. ஜூமில் அளந்தது, பிந்தையது 200 மி.மீ. ஜூமில் அளந்தது. கற்றையை இன்னும் குறுக்கி எடுத்த எண்ணைப் பார்த்து விளக்கின் பலம் கூடிவிட்டதாக நம்பியவர்கள் ஏராளம்.

இந்த நம்பிக்கையின் பாரத்தைச் சுமப்பவர் உதவியாளர். 600 ஜூல் விளக்கு பேட்டரியோடு சுமார் 3 கிலோ. 200 ஜூல் விளக்கு ஒரு கிலோவுக்குள். மாமல்லபுரம் கடற்கரைக் காற்றில் 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் பாய்மரமாகிவிடும். அதை உயரத்தில் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட யாருக்கும் நினைவிருப்பதில்லை. அவர் கூலியில்தான் முதலில் கை வைக்கிறார்கள். வெயிலை விளக்கு பார்த்துக்கொள்ளும் என்ற துணிச்சலில், மாலை நாலரைக்கு எடுக்க வேண்டிய படத்தை நண்பகலுக்கு மாற்றி, பட்டுப்புடவையில் மணப்பெண்ணை வாட்டுவதும் இதன் விளைவே.

இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தை மட்டுமே நம்பித் தொழில் நடத்துகிறவர் 600ஐ வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு முதலில் ஒரு 200 ஜூல் விளக்கு, உறுதியான ஸ்டாண்ட், இரண்டு மண் மூட்டை, என்.டி. ஃபில்டர், உதவியாளருக்கு முறையான கூலி. பிறகு பணம் சேர்ந்தால் இன்னொரு 200. இரண்டையும் ஒரே சாஃப்ட்பாக்ஸில் பொருத்தினால் 400 ஆகும். முகூர்த்த நாளில் ஒன்று பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு வேலையை முடித்துவிடலாம்.