ஓசிக் கருவியும் காசுக் கருவியும்: யார் வீட்டுக் காசு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு எழுத வச்சது என் அக்கா பையன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில, புனேயில நல்ல மழை. தங்கமணி ரவா தோசைக்குக் கரைச்சுக்கிட்டு இருக்காங்க. அம்பாசமுத்திரத்துல இருந்து போன்.

"மாமா, டேட்டா மாடலிங் கோர்ஸ் ஒண்ணு இருக்கு. ஹைதராபாத் அமீர்பேட்டைல. மூணு மாசம், 45,000 ரூவா. சேர்ந்திரட்டா?"

"எதுக்குடே அவ்வளவு?"

"அந்த டூல் காசு கொடுத்து வாங்குறதாம் மாமா. பெரிய கம்பெனில எல்லாம் அதத்தான் வச்சிருக்காங்களாம். ஓசி டூல் படிச்சவனுக்கு வேலை கிடைக்காதுன்னு சொல்லுதாங்க. அம்மா செயினை வச்சுத் தாரேன்னு சொல்லிட்டா."

"சரி, ஃபேக்ட் டேபிள்னா என்ன? சொல்லு பாப்போம்."

"அது ரெண்டாவது மாசம்தான் மாமா வரும்."

தோசை ஆறிப்போச்சு. எனக்குச் சூடு ஏறிப்போச்சு.

பதினெட்டு வருஷமா ஊரை விட்டு வந்து இதே பொட்டியைத்தான் தட்டிக்கிட்டு இருக்கேன். பெங்களூரு, குர்கான், இப்போ புனே. மூணு ஊர்லயும் இதே சண்டை. டேட்டா மாடலிங்குக்குக் காசு கொடுத்துக் கருவி வாங்கணுமா, ஓசியிலேயே ஓட்டலாமா? ரெண்டு கோஷ்டி இருக்கு. ரெண்டு கோஷ்டி மேலயும் எனக்குக் கோவம். இன்னிக்கு அதைக் கொட்டிடறேன்.

பொட்டி தட்டாத சொந்தக்காரங்களும் இதைப் படிக்கிறதால முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். எங்க அத்தான் அம்பையில பலசரக்குக் கடை வச்சிருக்கார். பற்று நோட்டு போடுவார். யார் வாங்கினாங்க, என்ன பொருள், எந்தத் தேதி, எத்தனை ரூபாய். இதுல "எத்தனை" அப்படிங்கிறது ஒரு டேபிள்ல போகும், அதுதான் ஃபேக்ட் டேபிள். "யார், எது, எப்போ" எல்லாம் அதைச் சுத்தி தனித்தனி டேபிளா நிக்கும், அதெல்லாம் டைமென்ஷன். படமா போட்டா நட்சத்திரம் மாதிரி இருக்கும். 1996-ல வந்த ரால்ஃப் கிம்பாலோட டேட்டா வேர்ஹவுஸ் புத்தகம் இந்த முறையை ஊர் ஊரா கொண்டு போச்சு. இன்னிக்கும் பவர் பிஐ வரைக்கும் இதே நட்சத்திரம்தான்.

இதுல முதல் கேள்வியே, ஒரு வரி அப்படின்னா எது? ஒரு பில்லா, பில்லுல இருக்கிற ஒவ்வொரு பொருளா? இதைத் தீர்மானிக்காம படம் போட்டா என்ன ஆகும்? ஒரு பில்லுல மூணு பொருள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ கூலி 30 ரூபாய். கூலி பில்லு டேபிள்ல இருக்கு. அதைப் பொருள் டேபிளோட சேர்த்துக் கூட்டினா 90 ரூபாய். யாரும் திருடலை, கணக்கு மட்டும் மூணு மடங்கு.

இன்னொண்ணு. தென்காசி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆச்சு. தென்காசி டீலரோட மாவட்டத்தை அழிச்சிட்டுப் புதுசா எழுதினா, 2018-ல திருநெல்வேலி மாவட்டத்துல நடந்த விற்பனை திடீர்னு குறைஞ்சு தெரியும். பழைய வரியை அப்படியே வச்சுக்கிட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைன்னு போட்டுப் புது வரி சேர்க்கணுமா, இல்லை அழிச்சு எழுதினாலே போதுமா? இதைச் சொல்ல வேண்டியது வியாபாரம் தெரிஞ்ச மனுஷன். நீங்க 10 லட்சம் கொடுத்து வாங்கின கருவியும் சொல்லாது, ஓசில இறக்கினதும் சொல்லாது. ரெண்டுமே நீங்க சொன்ன தப்பை அழகா வரைஞ்சு கொடுக்கும்.

இப்போ காசு கோஷ்டிக்கு வர்றேன்.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனி. பேர் வேண்டாம், கருவி பேரும் வேண்டாம். மாடலிங் கருவிக்கு லைசென்ஸ் வாங்கினாங்க, லட்சக்கணக்குல. டேமேஜருக்கு ஒரே பெருமை. சுவர் முழுக்க ஒட்டுற அளவுக்குப் படம் அச்சடிச்சோம். ஆறு மாசம் கழிச்சு ஒரு மீட்டிங். மொத்த வாடிக்கையாளர் எத்தனைன்னு கேட்டார் பெரியவர். விற்பனைப் பிரிவு டேஷ்போர்டுல ஒரு எண், சர்வீஸ் பிரிவு டேஷ்போர்டுல அதைப்போல பல மடங்கு எண். ரூம்ல ஊசி விழுந்தா கேக்கும்.

கண்டுபிடிச்சது எங்க டீம்ல இருந்த ஒரு தெலுங்குப் பொண்ணு. கான்ட்ராக்ட்ல வந்தவங்க. ரெண்டு பிரிவுக்கும் நடந்தே போய், "உங்களுக்கு வாடிக்கையாளர்னா யாரு?" அப்படின்னு கேட்டாங்க. விற்பனைக்கு வாடிக்கையாளர்னா டீலர். சர்வீஸுக்கு, பொருளை வீட்டுல வச்சு உபயோகிக்கிறவர். படத்துல ரெண்டும் ஒரே பேர்ல ஒரே டப்பா. ஒரு நோட்டுல நாலு பக்கம் எழுதி, ரெண்டு டப்பாவா பிரிச்சு, பிரச்சினையை முடிச்சாங்க.

அடுத்த காலாண்டு செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. லைசென்ஸைப் புதுப்பிச்சாங்க. அந்தப் பொண்ணோட கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலை. ஏன்னு கேட்டேன். "லைசென்ஸ் ஏற்கனவே பட்ஜெட்ல இருக்கு" அப்படின்னாங்க. அன்னிக்கு நான் அதுக்கு மேல பேசலை. இன்னிக்கு வரைக்கும் அது உறுத்துது.

காசுக் கருவியே வேஸ்ட்டுன்னு நான் சொல்லலை. ஆயிரக்கணக்குல டேபிள் இருக்கிற வங்கி, இருபது பேர் ஒரே மாடல்ல கை வைக்கிற இடம், ஆடிட்டர் வந்து நிக்கிற இடம், இங்கெல்லாம் எர்வின், ஈஆர்/ஸ்டுடியோ மாதிரி கருவிங்க நிஜமாவே வேலை செய்யும். மாடலையும் ஓடிக்கிட்டு இருக்கிற டேட்டாபேஸையும் ஒப்பிட்டு வித்தியாசம் சொல்லும். பேர் வைக்கிற விதிமுறையைக் கட்டாயமாக்கும். யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு வச்சிருக்கும். அங்க காசு கொடுங்க, தப்பில்லை.

ஆனா "காசு கொடுத்தா நிம்மதி, பின்னாடி ஒரு கம்பெனி நிக்குது" அப்படின்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. எர்வினையே எடுத்துக்குங்க. லாஜிக் வொர்க்ஸ் கிட்ட இருந்து 1998-ல பிளாட்டினம், 1999-ல சிஏ, 2016-ல ஒரு முதலீட்டு நிறுவனம், 2021-ல குவெஸ்ட். கருவி நல்ல கருவிதான், ஆனா பின்னாடி நிக்கிற முதலாளி மாறிக்கிட்டே இருந்திருக்கார். விலையும் அப்படித்தான். பவர் பிஐ ப்ரோ 2025 ஏப்ரல்ல ஆளுக்கு மாசம் 9.99 டாலர்ல இருந்து 14 டாலர் ஆச்சு. 200 பேர் இருக்கிற ஆபீஸ்ல வருஷத்துக்கு 23,976 டாலரா இருந்தது 33,600 டாலர். ஒரு ஜூனியரோட சம்பளம் அந்த வித்தியாசத்துக்குள்ளயே அடங்கிடும்.

சரி, ஓசி கோஷ்டி கைத்தட்டுறது கேக்குது. கொஞ்சம் பொறுங்க மக்கா, உங்களுக்கும் இருக்கு.

ஓசின்னு நீங்க சொல்றதுல மூணு ரகம் இருக்கு. முதல் ரகம், மூல நிரலே திறந்து கிடக்கிறது. போஸ்ட்கிரெஸ், டிபீவர் கம்யூனிட்டி, டிபிடி கோர் எல்லாம் இதுல சேரும். இன்னிக்கு வெளியிட்ட பதிப்பை நாளைக்கு யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாது. ரெண்டாவது ரகம், கம்பெனி பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிறது. ஆரக்கிளோட எஸ்கியூஎல் டெவலப்பர் டேட்டா மாடலர் அப்படி. இலவசம், ஆனா மூல நிரல் அவங்க கையில. மூணாவது ரகம், வாசல் ஓசி, உள்ள போனா டிக்கெட். பவர் பிஐ டெஸ்க்டாப் ஓசிதான். செஞ்ச ரிப்போர்ட்டை ஆபீஸ்ல பத்துப் பேருக்கு முறையா பகிரணும்னா லைசென்ஸ் கேக்கும். விண்டோஸ் இல்லாத பொட்டியில ஓடவும் ஓடாது. பிஜிமாடலர் இன்னொரு மாதிரி, நிரல் ஓசி, நீங்களே கட்டிக்கலாம். கட்டி வச்ச மென்பொருள் வேணும்னா காசு.

முதல் ரகத்துக்கும் காப்பு இல்லாம இல்லை. டிபிடி கோர் ஓசி. அதே ஆளுங்க நடத்துற கிளவுட் சேவையில டீம் திட்டம் 2022 டிசம்பர்ல ஒரு சீட்டுக்கு 50 டாலர்ல இருந்து 100 டாலர்னு அறிவிச்சாங்க. 2025 அக்டோபர்ல ஃபைவ்ட்ரானோட இணையறதா அறிவிச்சாங்க. கோர்ல எழுதி வச்சிருந்தவன் தன் ஃபைலைத் தானே வச்சிருந்தான். சேவையையே நம்பி இருந்தவன் பில்லைப் பாத்து முழிச்சான்.

அதைவிடப் பெரிய பொய் ஒண்ணு இருக்கு. "ஓசி, அதனால செலவே இல்லை." குர்கான்ல நான் பாத்தது. லைசென்ஸ் செலவு பூஜ்யம்னு ஸ்லைடு போட்டுக் கைத்தட்டு வாங்கினாங்க. அத்தனையும் கட்டினவன் ஒரே ஒரு மதுரைப் பையன். வெர்ஷன் மாத்துறது, உடைஞ்சா ஒட்டுறது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கிறது எல்லாம் அவன்தான். ரெண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகலை. ஒரு நாள் பேப்பர் போட்டுட்டான். எழுதி வைக்க அவனுக்கு நேரமே கொடுக்கலை, அதனால ஒண்ணும் எழுதி வைக்கலை. அடுத்து அதை வாங்கினவன் நான். என் பொண்ணோட முதல் பிறந்த நாளன்னிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன், யாரோ எழுதின எஸ்கியூஎல்லைப் படிச்சுக்கிட்டு. கம்பெனிக்குத்தான் அது ஓசி. காசு எங்க வீட்டுல இருந்துல்ல போச்சு.

ஆக ரெண்டு கோஷ்டியும் ஒரே தப்பைத்தான் பண்ணுது. கேள்வி கேக்குற மனுஷனுக்குக் கணக்குல இடமே போடலை. ஒருத்தன் அவன் சம்பளத்தை எடுத்து லைசென்ஸ் வாங்கறான். இன்னொருத்தன் அவன் தூக்கத்தை எடுத்து லைசென்ஸை மிச்சம் பண்றான்.

என் கட்சி இதுதான். முதல் காசு மாடல் போடுற ஆளுக்கு. மிச்சம் இருந்தா, தேவையும் இருந்தா, கருவிக்கு. கருவி வாங்குறப்போ, ஓசியோ காசோ, இந்த மூணைக் கேளுங்க.

ஒண்ணு, நாளைக்கு இந்தக் கருவியை விட்டா, என் மாடல் எந்த வடிவத்துல வெளியே வரும்? சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா வந்தா நல்லது. வெறும் படமா வந்தா ஓடிடுங்க.

ரெண்டு, செய்யறவனுக்கு மட்டும் காசா, பாக்குறவனுக்கும் காசா? செய்யறவங்க நாலு பேரா இருப்பாங்க, பாக்குறவங்க நானூறு பேரா இருப்பாங்க.

மூணு, இது உடைஞ்சா யார் ஒட்டுவாங்க, அந்த நேரம் யாரோட சம்பளக் கணக்குல இருக்கு?

மருமகன் கதைக்கு வருவோம். அவன்கிட்ட சொன்னேன். "செயினை வைக்க வேண்டாம்டே. போஸ்ட்கிரெஸ் இறக்கு, டிபீவர் இறக்கு, டிபிடி கோர் இறக்கு. ஒரு பைசா ஆகாது. அப்பா கடை பற்று நோட்டுல ஒரு மாசத்தை எடுத்து டேபிளா போடு. ஒரு வரின்னா எதுன்னு முதல்ல பேப்பர்ல எழுது. அப்புறம் டிபிடில டெஸ்ட் எழுது, ஒரே ஆள் ரெண்டு தடவை வரக்கூடாது, பொருள் பேர் காலியா இருக்கக்கூடாது, பற்று வரியில இருக்கிற ஆள் ஆள் டேபிள்ல இருந்தே ஆகணும். வேலை கிடைச்ச பிறகு கம்பெனி எந்தக் கருவி கொடுக்குதோ, அதை ரெண்டு வாரத்துல பழகிக்கலாம்."

"இன்டர்வியூல அந்த டூல் பேரைக் கேட்டா மாமா?"

நியாயமான கேள்வி. சில இடத்துல கேக்கத்தான் செய்யறாங்க, அந்தப் பேர் இல்லைன்னா ரெஸ்யூமை ஒதுக்கவும் செய்யறாங்க. அதை மறைக்க மாட்டேன். ஆனா பதினெட்டு வருஷத்துல நான் எடுத்த இன்டர்வியூல, கருவி பேர் பன்னெண்டு சொல்லிட்டு ஆட்டோ கூலி கணக்குல விழுந்தவங்கதான் அதிகம்.

நேத்து ராத்திரி மறுபடி போன். "மாமா, நோட்டுல சுப்பையா மூணு பேர்ல இருக்காரு. சுப்பையா, சு. அண்ணாச்சி, பால்காரர். அப்பாகிட்ட கேட்டேன், மூணும் ஒரே ஆளாம். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியுது."

"அதாம்டே மாடலிங்" அப்படின்னேன். பின்னாடி அக்கா குரல் கேட்டுச்சு: "அப்ப செயினைக் கழட்ட வேண்டாம்லா?"

வேண்டாம்க்கா. கழுத்துலயே கிடக்கட்டும்.

டிஸ்கி: நான் எந்தக் கருவி விக்கிறவங்ககிட்டயும் காசு வாங்கலை, ஓசியில டீ-ஷர்ட் கூட வாங்கினதில்லை. இதே மாதிரி நகையை வச்சுக் கோர்ஸ்ல சேரப்போற பையனோ பொண்ணோ உங்க வீட்டுல இருந்தா, முதல்ல ஒரு பற்று நோட்டை எடுத்துக் கையில கொடுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.