சிசிடிவியில் வண்டி தெரியுது, நம்பர் தெரியலையே... ஏன்? போட்டோ அளவுக்கு வீடியோ தெளிவாக இல்லாததன் காரணம் என்ன?

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டம் வழியாகச் செல்கிறது. பக்கத்து அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்கு சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட சாலைகளில் ஒரு வண்டி மோதிவிட்டு நிற்காமல் போனால், முதலில் தேடப்படுவது சிசிடிவி காட்சிதான். வண்டி தெரியும், நிறமும் தெரியும். நிறுத்தி ஜூம் செய்தால் நம்பர் மட்டும் தெரியாது.

நம்பர் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

மோதிய வாகனம் எது என்றே தெரியாத வழக்குகளில், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் கிடைக்கும். வாகனம் அடையாளம் தெரிந்தால், வயது, வருமானம், குடும்பத்தினர் எண்ணிக்கையை வைத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும். அது பல மடங்கு அதிகமாக இருக்கலாம். ஒரு மங்கலான நம்பர், ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றிவிடும்.

காரணம் 1: புள்ளிகள் குறைவு

செல்போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் போட்டோவில் 1.2 கோடி புள்ளிகள் இருக்கும். ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில் இருப்பது சுமார் 20.7 லட்சம்தான்.

20 மீட்டர் அகலத்துக்கு சாலையைக் காட்டும் கேமராவை எடுத்துக்கொள்வோம். அரை மீட்டர் நீள நம்பர் பிளேட்டுக்கு அதில் கிடைப்பது குறுக்குவாட்டில் 48 புள்ளிகள். 10 எழுத்து, எண்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 5 புள்ளிகூட வராது. பெரம்பலூரின் 'டிஎன் 46', ஸ்ரீரங்கத்தின் 'டிஎன் 48' போலத் தெரிவது இதனால்தான்.

காரணம் 2: வேகம்

வெளிச்சம் குறைந்தால் கேமராவின் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். இரவில் அது நொடியில் 25-ல் ஒரு பங்கு என்றால், 80 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி அதற்குள் 89 செ.மீ. நகர்ந்துவிடும். பிளேட்டின் நீளத்தைவிட இது அதிகம். எழுத்துகள் கோடாக இழுபட்டுவிடும். பகலில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுக்கும் போட்டோவில் அதே வண்டி நகர்வது சுமார் 2 செ.மீ. மட்டுமே.

வீடியோ ஓடும்போது அடுத்தடுத்த ஃபிரேம்களை நம் மூளை சேர்த்துப் பார்ப்பதால் இந்த மங்கல் தெரிவதில்லை. நிறுத்தினால்தான் பளிச்சென்று தெரிகிறது.

காரணம் 3: சுருக்கம்

ஒரு போட்டோ சாதாரணமாக 2, 3 எம்பி இருக்கும். நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவாகும் சிசிடிவியில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்கு சராசரியாக 20 கேபிதான் கிடைக்கும். அதனால் ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேம்களில் மாறிய பகுதிகளை மட்டும் கருவி சேமிக்கிறது. நுணுக்கமான விவரங்கள்தான் முதலில் அடிபடும். அதையே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும்.

ஏஐ வைத்துத் தெளிவாக்க முடியாதா?

சினிமாவில் காட்டுவதுபோல் நடக்காது. பதிவாகாத எழுத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஏஐ செயலிகள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. '46' என்பது '48' ஆனால், சம்பந்தமே இல்லாத ஒருவர் சிக்கிக்கொள்வார். பல ஃபிரேம்களை ஒப்பிட்டு, அவற்றில் உண்மையாகவே பதிவான விவரத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கும் ஒரிஜினல் பதிவு வேண்டும்.

நம்பரைப் படிப்பதற்கென்றே உள்ள ஏஎன்பிஆர் கேமராக்கள் வேறு ரகம். அவை சாலையின் குறுகிய பகுதியை மட்டும் பார்க்கும். ஷட்டர் மிக வேகமாக மூடும். அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் இரவிலும் பிளேட் பளிச்சிடும்.

விபத்து நடந்தால் என்ன செய்யலாம்?

* பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க் கேமராக்கள் பற்றி உடனே போலீசாரிடம் சொல்லுங்க. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழைய காட்சி தானாக அழிந்துவிடும்.
* மானிட்டரை செல்போனில் படம் பிடித்தால் மட்டும் போதாது. ஒரிஜினல் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்க.
* 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி, நீதிமன்றத்தில் கொடுக்கும் மின்னணுப் பதிவுடன் சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு இடம்பெறும். கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.
* கடைக்கு கேமரா பொருத்துபவர்கள், முழுத் தெருவையும் காட்ட ஒன்று, வண்டி நுழையும் இடத்தை மட்டும் நெருக்கமாகக் காட்ட ஒன்று என வைப்பது நல்லது. லென்ஸில் படியும் தூசியையும் அவ்வப்போது துடைத்துவிடுங்க.